வரம்புக்குள் உள்ளதா?

'காற்றின் தரம் நிர்ணயிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளது.' தொழிற்சாலைகளைப் பற்றிய அறிக்கைகளில் இவ்வாக்கியத்தை நீங்கள் அடிக்கடி காணலாம். கடலூர் - சிதம்பரம் சாலையிலுள்ள சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு கிராமத்தாரோ, துர்நாற்றத்தால் கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று பல ஆண்டுகள் முறையிட்டு வந்திருக்கின்றனர். அறிக்கை பொய்யா, மக்களின் மூக்கு பொய்யா? இரண்டுமே மெய்யாக இருக்க முடியும். எப்படி?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு கன மீட்டர் காற்றில் கந்தக டை ஆக்சைடு 24 மணி நேரச் சராசரியாக 80 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது நம் நாட்டு விதி. ஒரு நாளில் 23 மணி நேரம் 30 மைக்ரோகிராம், நள்ளிரவில் ஒரே ஒரு மணி நேரம் 1000 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி என்ன? ஏறத்தாழ 70. வரம்புக்குள்! ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்த குழந்தை சராசரியைச் சுவாசிக்கவில்லை.

மேலும், பட்டியலில் இல்லாத வாயுவுக்கு வரம்பே கிடையாது. 1994-ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்தவை சில பொருள்களே. பென்சீன் 2009-இல்தான் சேர்ந்தது. அப்போது பன்னிரண்டாக நீண்ட பட்டியலிலும் ஹைட்ரஜன் சல்பைடு இல்லை. (கிப் கருவியருகே மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்குமே, அந்த அழுகிய முட்டை நாற்றம்தான்!)

2004-இல் கிராமத்தார் சிலர், வாளிக்குள் பை வைத்த எளிய கருவியால், நாற்றம் வீசிய வேளையில் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வகத்திற்கு அனுப்பினர். இருபதுக்கு மேற்பட்ட நச்சுப் பொருள்கள் இருந்தன என்றது அவர்களது அறிக்கை. இதுவும் நம்மை நம்ப வைக்க எழுதப்பட்டதே. அப்பொருள்களுக்கு அன்று இந்திய வரம்பு இல்லாததால், சில நிமிடக் காற்றை, நீண்ட காலச் சுவாசத்திற்கென வகுத்த அமெரிக்க அளவுகளோடு ஒப்பிட்டது. இவ்வொப்பீடு சற்றுத் தளர்வானது என்பதே என் கருத்து. ஆயினும், எங்கே எப்போது பிடித்த காற்று என்பதை அது மறைக்கவில்லை. சராசரியில் மறைந்துபோவது அதுதானே?

பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கான அறிக்கைகளையும் பாருங்கள். 2006-ஆம் ஆண்டு விதிப்படி அவற்றின் சுருக்கம் தமிழிலும் தரப்பட வேண்டும். அளவீட்டு அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கில முழு அறிக்கையோடு நின்றுவிடும். ஊராருக்குத் தமிழில் வந்து சேர்வது 'வரம்புக்குள்' என்ற முடிவு மட்டுமே. அட்டவணையும் தமிழில் வேண்டும் என்று கேட்பதில் தவறென்ன?

2009-இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் காற்று, நீர், நிலம் மூன்றையும் சேர்த்துக் கடலூருக்கு 77.45 மதிப்பெண் இட்டது. 70-ஐத் தாண்டினால் மிகக் கடுமையாக மாசடைந்த பகுதி என்று பொருள். 2010 ஜனவரியில், கடலூர் உள்ளிட்ட அத்தகைய பகுதிகளில் புதிய திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதி சிறிது காலம் நிறுத்தப்பட்டது. ஆண்டுக்கணக்கில் எழுதிய மனுக்களைவிட அந்த ஒரு மதிப்பெண் தில்லியில் விரைவாக வேலை செய்தது.