தூண்டிலோடு போகலாமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன் ஒருவன்)

விடுமுறை நெருங்கினால் எங்கே போவது என்ற பேச்சு நம் கல்லூரி மரத்தடிகளில் எழுவது வழக்கம். ஏற்காடு, ஏலகிரி என்று உயரத்தில் தொடங்கி, சட்டைப்பையைத் தடவிப் பார்த்தபின் அமிர்தியில் வந்து இறங்கும். இவ்வாண்டு எங்கள் வகுப்பு நண்பர்கள் ஐவர் சற்றுப் பெரிதாகவே எண்ணிவிட்டார்கள். காவிரிக் கரைக் காட்டில், சாலையே இல்லாத இடத்தில், மூன்று நாள் தங்கி மீன் பிடிப்பதாம். தூண்டில், நைலான் நரம்பு, கூடாரம், அரிசி, பருப்பு எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டாகிவிட்டது. ஆறாவது ஆளாக என்னையும் அழைத்தார்கள். "நான் வருகிறேன், தூண்டில் வரக்கூடாது" என்றேன். அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. ஆசிரியப் பெருமக்களும் படிக்கும் மலர் என்பதால் வழக்கை இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

அவர்கள் குறித்திருக்கும் இடம் காவிரி வடக்கு வனவுயிரினச் சரணாலயம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 504 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது, 2014இல் அறிவிக்கப்பட்டது. 2022இல் காவிரி தெற்குச் சரணாலயம் என்று இன்னும் 686 சதுர கிலோமீட்டர் சேர்ந்தது. எதிர்க்கரையில் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயம். ஆற்றில் முதலையும் நீர்நாயும் உண்டு; கரையில் யானைக் கூட்டம். கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வரை பேருந்து. அதன்பின் கால்தான் வண்டி. எங்கள் ஊர் விரிஞ்சிபுரத்து இறைவனுக்கு வழித்துணைநாதர் என்று பெயர். மிளகு வணிகன் ஒருவனுக்கு வழித்துணையாகச் சென்றார் என்பது தலக்கதை. யானைக் காட்டில் அவரோடு ஒரு வனக்காவலரும் வேண்டும் என்று சொன்னால் என் பாட்டி கோபித்துக்கொள்வார்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் 27ஆம் பிரிவில், சரணாலயத்துக்குள் நினைத்தவர் நினைத்தபடி நுழைய முடியாது என்கிறது. 28ஆம் பிரிவு, தலைமை வன உயிரினக் காப்பாளர் எதற்கெல்லாம் அனுமதி தரலாம் என்று ஐந்து காரணங்களைச் சொல்கிறது: வனவுயிரினம் பற்றிய ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே வசிப்பவர்களோடு முறையான தொழில். மீன்பிடிப் பொழுதுபோக்கு அந்த ஐந்தில் இல்லை.

"காட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்கிறார் ஒரு நண்பர். அவர் வீட்டில் மூன்று வக்கீல்கள், கேட்கலாம். என் தந்தை டேனரியில் ஈரத் தோல் சுமப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் பெயரில் வனத்துறை வழக்கு ஒன்று பதிவானால் அது என்னோடு நிற்காது. "படிக்க அனுப்பினார்களே" என்று தெருவே பேசும். ஆனால் அச்சம் மட்டுமே என் காரணம் என்று யாரும் எண்ண வேண்டாம். மீனின் கதையைக் கேட்டால் புரியும்.

காவிரியின் பெருமீன் மஹசீர். கெண்டை இனம், கூன் முதுகு, ஆரஞ்சு நிறத் துடுப்பு. 1946இல் கபினியில் வான் இங்கன் என்பவர் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ! நம் வகுப்பில் பலர் அவ்வளவு எடை இல்லை. இதற்குப் போடும் இரை என்ன தெரியுமா? கேழ்வரகு மாவைப் பிசைந்து உருட்டி வேகவைத்தது. நாம் களி என்று முகம் சுளிக்கும் பண்டத்துக்காகத்தான் அந்த ராஜமீன் உயிரை விட்டிருக்கிறது.

பீமேஸ்வரி, கலிபோர், தொட்டமக்கலி ஆகிய கர்நாடகக் கரை முகாம்களுக்கு வெளிநாட்டாரும் பெருநகரச் செல்வரும் வந்து, பிடித்து, எடை போட்டு, மீண்டும் ஆற்றிலேயே விட்டார்கள். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டையே என்று கொண்டு அது நிறுத்தப்பட்டது. ஆனால் அந்த முகாம்களில் ஒன்றான கலிபோரில் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த குறிப்பேடுகளைப் பின்னர் ஆய்வாளர் ஆராய்ந்தபோதுதான் ஓர் உண்மை வெளிப்பட்டது. கூன்முதுகு மஹசீர் ஆண்டுக்காண்டு குறைந்துவிட்டது. பெருகியதெல்லாம் நீலத்துடுப்பு மஹசீர். அதுவோ வேற்று நதி மீன். லோனாவாலாவில் டாட்டா நிறுவனத்தார் வளர்த்த குஞ்சுகளை நல்லெண்ணத்தோடு காவிரியில் கொண்டுவந்து விட்டார்கள். விருந்தாளி பெருத்தான், வீட்டுக்காரன் இளைத்தான். கூன்முதுகு மீனுக்கு உரிய அறிவியல் பெயர் 'டோர் ரேமதேவி' என்று உறுதியானதே 2018இல்தான். அதே ஆண்டு மிக அருகிய உயிரினப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. நூறாண்டுக்கு மேல் உலகப் புகழ் பெற்ற ஒரு மீன், சரியான பெயர் சூட்டப்படும் முன்பே போய்விடப் பார்த்தது!

இதையே என் நண்பர்கள் என்மேல் திருப்புகிறார்கள். "தூண்டில்காரர் இல்லாவிட்டால் இந்த உண்மை தெரிந்திருக்குமா?" நியாயமான கேள்வி. முன்பு ஆற்றில் வெடி போட்டவர்களில் சிலர் அந்த முகாம்களில் வழிகாட்டிகளாய், காவலர்களாய் மாறிப் பிழைத்தார்கள் என்பதும் உண்மை. ஆகவே தூண்டில் பிடித்தவர்களை நான் பழிக்கவில்லை. ஆனால் ஆய்வாளருக்குப் பயன்பட்டது குறிப்பேடு. எங்கள் பொருள் பட்டியலில் எண்ணெயும் மிளகாய்த்தூளும் இருக்கின்றன, நோட்டுப் புத்தகம் ஒன்றுகூட இல்லை!

இன்னொன்றையும் கேட்டேன். மீன் பிடிக்க ஏன் அவ்வளவு தூரம்? பாலாறு நம் வாசலில் ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஊற்றுக்காலில் கெளுத்தியும் குறவையும் பறி வைத்துப் பிடித்ததை என் தாத்தா கதையாகச் சொல்வார். தோல் கழிவு பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் மீண்டும் சொல்ல வேண்டி வந்தது. டேனரிக் கூலியில் படிக்கும் நான் இதை எழுதுவது எளிதாக இல்லை. ஆலையை மூடு என்பது என் வாதமன்று, அதை மூடினால் என் வீட்டு அடுப்பும் மூடும். ஆனால் இந்த ஆற்றில் இன்று எந்த மீன் எங்கே மிச்சம் இருக்கிறது என்று கேட்டால், விலங்கியல் படிக்கும் எங்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லையே!

என் திட்டம் இதுதான். ஆய்வுக்கான அனுமதி கேட்டு, துறைத் தலைவர் வழியாகத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பிப்போம். கிடைத்தால் காவலர் துணையோடு உள்ளே போவோம். கிடைக்காவிட்டால் ஒகேனக்கல் போவோம். உரிமம் பெற்ற மீனவர்கள் விடியற்காலையில் பரிசலில் கொண்டுவரும் மீனை இனம் பிரித்து, எடை பார்த்து எழுதுவோம். திரும்பி வந்து அதே நோட்டில் விரிஞ்சிபுரம் முதல் ஆம்பூர் வரை பாலாற்றுக் குட்டைகளையும் ஏரிகளையும் மாதம் ஒரு முறை எழுதுவோம்.

ஐவரில் மூவர் ஒப்பினார்கள். இருவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. விண்ணப்பம் துறைத் தலைவர் மேசையில் இருக்கிறது. வாங்கிய நைலான் நரம்பைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டாராம். இருக்கட்டும், ஏரிக் குத்தகைக்காரரைக் கேட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் ஏரியில் போட்டுப் பார்க்கலாம்.