உழைப்புக்கு வரி, பிறப்புக்கு விலக்கு

வரியைக் குறைத்தால் உழைப்பிலும் முதலீட்டிலும் ஊக்கம் பிறக்கும், வேலைவாய்ப்பு பெருகும் என்பது வரிச்சலுகைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம். 2019 செப்டம்பரில் நிறுவன வரியின் அடிப்படை விகிதம் 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோதும் ஒன்றிய அரசு இதையே கூறியது. இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்றும் அதுவே மதிப்பிட்டது.

இந்த ஊக்கம் யாருக்கானது? தினக்கூலித் தொழிலாளி வருமான வரி செலுத்துவதில்லை. ஆனால், வாங்கும் சோப்புக்கும் செருப்புக்கும் சரக்கு மற்றும் சேவை வரி செலுத்துகிறார். கூலி முழுவதும் செலவாகும் வீடு, சேமிக்க வசதியுள்ள வீட்டைக் காட்டிலும் தன் வருமானத்தில் பெரும்பங்கை இத்தகைய வரி விதிப்புக்கு உட்படுத்துகிறது. ஆயிரம் ரூபாய் வரையிலான காலணிகளுக்கான வரி 2022 ஜனவரியில் 5 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாக உயர்ந்தது. 2025 செப்டம்பரில்தான் மீண்டும் 5 விழுக்காடானது. கூலியின் வாங்கும் திறன் இவ்வாறு குறைவதை உழைப்பூக்கத்தின் இழப்பாக எவரும் கணக்கிடுவது அரிது.

மறுபுறம், பெறுபவர் உழைக்காமலே வந்து சேர்வது பரம்பரைச் சொத்து. அதன்மீது 1953இல் விதிக்கப்பட்ட எஸ்டேட் வரி 1985இல் நீக்கப்பட்டது. 1957இல் வந்த செல்வ வரியும் 2015 நிதிநிலை அறிக்கையில் கைவிடப்பட்டது. அதற்கு ஈடாக உயர் வருமானத்தினர் மீது கூடுதல் வரி விதிக்கப்பட்டது. ஆனால், அது வருமானத்தைத்தான் தொடும். குவிந்த சொத்தைத் தொடாது. வசூல் சொற்பம், நிர்வாகச் செலவு அதிகம் என்பதே இரு வரிகளின் நீக்கத்துக்கும் கூறப்பட்ட காரணம். வசூலில் குறையிருந்தால் சட்டத்தைத் திருத்தியிருக்கலாம். வரியையே ஒழித்திருக்க வேண்டியதில்லை.

சாதி, தொழிலை மட்டுமன்றிச் சொத்தையும் பிறப்பின்படி பங்கிட்ட ஏற்பாடு. ஒடுக்கப்பட்டோருக்கென 1892 முதல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதிகூடப் பிறர் கைக்குப் போய்விட்டது. ஆகவே பரம்பரைச் சொத்துக்கு அளிக்கப்படும் முழு வரிவிலக்கு, சாதியின் பழைய பங்கீட்டுக்கு அளிக்கப்படும் சலுகையாகவே செயல்படுகிறது.

சொத்து சேர்ப்பவரின் ஊக்கம் குன்றும் என்பது எதிர்வாதம். உயர்ந்த வரம்புக்கு மேற்பட்ட சொத்துக்கு மட்டும் வரி விதித்தால், சிறு வீடும் சிறு நிலமும் உடையோர் பாதிக்கப்படமாட்டார்கள். வாரிசின் உழைப்பையும் அது தண்டிக்காது. நியாயமும் பொருளாதாரத் திறனும் ஒருங்கே பொருந்தும் அரிய வரி இது. பொது நிதியியலை ஆராய்ந்து 1925இல் நூல் வெளியிட்ட அம்பேத்கரின் வழிவந்தோர், அடுத்த நிதிநிலை அறிக்கையின்போது இக்கோரிக்கையை முன்வைக்க வேண்டும்.