முதலைத் தின்னாதீங்க!

ஸ்டார் ஹோட்டல் மெனு கார்டில் எல்லா ஐட்டத்துக்கும் எதிரே விலை இருக்கும். ஒன்றுக்கு மட்டும் 'மார்க்கெட் ரேட்' என்று போட்டிருப்பார்கள். தைரியம் இருந்தால் கேட்டுப் பார் என்று அர்த்தம். அதுதான் லாப்ஸ்டர். நம்ம கடற்கரை பாஷையில் சிங்கி இறால், கல் இறால்.

இங்கிலீஷ் படத்தில் வருகிற லாப்ஸ்டருக்கு இரண்டு பெரிய கொடுக்கு இருக்கும். அது அமெரிக்க, ஐரோப்பியக் குளிர்கடல் ஜாதி. நம்ம குமரிக் கடல் சிங்கிக்குக் கொடுக்கே கிடையாது. உடம்பெல்லாம் முள், உடம்பைவிட நீளமாக இரண்டு மீசை. எதிரி வந்தால் மீசையின் அடிப்பாகத்தைத் தேய்த்துக் 'கிர்ர்ர்' என்று சத்தம் போடும். வயலினில் வில் உராய்கிற அதே டெக்னிக்தான். ஆயுதம் இல்லாதவன் சத்தம்தானே போட முடியும்? மாசக் கடைசியில் நாம் போடுவதில்லையா!

இன்னும் கேளுங்கள். அதன் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் தாமிரம்; அதனால் லேசான நீலம். பல் இருப்பது வயிற்றுக்குள். சிறுநீர் கழிப்பது முகத்து வழியாக! வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைச் சட்டை மாதிரி கழற்றிப் போடணும். புது ஓடு இறுகும்வரை பாறை இடுக்கில் தலைமறைவு. வெந்ததும் சிவப்பாகிறதே, அந்தச் சிவப்பு முதலிலேயே ஓட்டில் இருப்பதுதான். ஒரு புரதம் அதை மறைத்துப் பிடித்திருக்கிறது. சூடு பட்டதும் பிடியை விட்டுவிடுகிறது.

சரி, விலை ஏன் அத்தனை? சப்ளை கம்மி சார். தாய்ச் சிங்கி லட்சக்கணக்கான முட்டைகளை வாலுக்கு அடியில் ஒட்டிவைத்துச் சுமக்கும். பொரிந்த குஞ்சு கண்ணாடியில் வெட்டின இலை மாதிரி இருக்கும். மாதக்கணக்கில் கடலில் மிதந்து, ஆயிரம் வாய்க்குத் தப்பி, ஏதோ சிலது பெரிசாகும். குரூப் 4 பரீட்சை மாதிரிதான். அப்ளிகேஷன் லட்சம், போஸ்டிங் கொஞ்சம்.

பி.காம். படித்தவனுக்கு இது சுலபமாகப் புரியும். சினையோடு இருக்கும் தாய்தான் முதல், குஞ்சுகள் வட்டி. வட்டியைச் சாப்பிடலாம், முதலில் கை வைக்கக் கூடாது. மும்பைக் கடலில் வைத்தார்கள். அங்கே மணல் இறால் என்று தட்டையாக ஒரு சொந்தக்காரன் உண்டு. 1980-களில் டிராலர் வலைகள் சினையோடு சேர்த்தே வாரின. 1994-க்குள் அந்தத் தொழிலே படுத்துவிட்டது.

2003-ல் மத்திய அரசு ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை நிர்ணயித்தது. நம்ம பக்கம் அதிகம் கிடைக்கும் ரகத்துக்கு 200 கிராம், பெரிதாக வளரும் வண்ணச் சிங்கிக்கு 500. நல்லதுதான். ஆனால் அது வெளிநாட்டுக்குப் போவதற்கான கணக்கு. உள்ளூர்ச் சட்டியில் விழுவதை யார் எடை போடுவது?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு வழக்கம். முட்டையோடு சிக்கினால், வால் துடுப்பில் 'வி' மாதிரி ஒரு வெட்டுப் போட்டுக் கடலில் விட்டுவிட வேண்டும். அடுத்த முறை முட்டை இல்லாமலே சிக்கினாலும், அந்த வெட்டு இருந்தால் தொடக் கூடாது. முதுகு ஓடு 5 அங்குலத்தைத் தாண்டின கிழடுகளுக்கும் விடுதலைதான். மீனவர்களே ஃபிக்ஸட் டெபாசிட் போடுகிறார்கள்!

நம்மால் என்ன முடியும்? போனஸ் வந்த ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போகிறீர்கள். "சினையோட இருக்கு தம்பி, ருசியே தனி" என்பார் கடைக்காரர். வாலைத் திருப்பிப் பாருங்கள். ஆரஞ்சு மணிகள் கொத்தாக இருந்தால், "வேணாம்ணே, சினை இல்லாததா குடுங்க" என்று சொல்லுங்கள். உள்ளங்கை அளவுக் குட்டியையும் அப்படியே ஒதுக்குங்கள். நீங்கள் ஒதுக்கினது பிழைத்துவிடாது. ஆனால் வாங்க ஆளில்லாத சரக்கை நாளைக்கு எவரும் கரைக்குக் கொண்டுவர மாட்டார். டிமாண்ட் இல்லாவிட்டால் சப்ளை இல்லை. இதுவும் பி.காம்.தான்.

வாங்கினதைச் சின்ன வெங்காயம், மிளகு போட்டு நிதானமாகச் சமையுங்கள். ரொம்ப வேக வைத்தால் ரப்பர். அப்புறம் கொடுத்த காசுக்கு நீங்கள்தான் 'கிர்ர்ர்' என்று சத்தம் போடணும்.