வழிக்கட்டமும் அளவறிவும்

எந்திரம் தானே வழி காண்கின்றது எனக் கேட்டு வியப்போர் பலர். அவ்வழிக்கு அளவு வகுத்தவர் யாவர் என வினவுவோர் மிகச் சிலர். இக்காலத்துச் சில்லுகளின் உள்ளே ஓடும் மின்வழிகள் எண்ணிலடங்காதன. அவற்றை ஒவ்வொன்றாய்க் கையால் வரைதல் மனிதர்க்கு இயலாமையின், வரைவு மென்பொருளே அவற்றை இழைத்து முடிக்கின்றது. இதனால், மாணாக்கர் கற்க வேண்டுவது யாதுமில்லை, ஆணையிட்டுக் காத்திருத்தலே போதும் என்னும் ஓர் எண்ணம் நம்மிடையே பரவி வருகின்றது. அவ்வெண்ணம் தவறு என்பதும், அளவு வகுத்தலே இத்துறையில் முதற்கண் கற்கத் தக்கது என்பதும் யாம் ஈண்டுக் கூறப் புகுவன.

தமிழ் பயிலும் நுமக்குச் சில்லின் ஆராய்ச்சி எற்றுக்கு என நண்பர் நகைத்தல் கூடும். வெண்பாவின் இலக்கணம் அறிந்தோர்க்கு இது புதிய பொருள் அன்று. ஈற்றடி முச்சீராகவும் ஏனையடி நாற்சீராகவும் நிற்க வேண்டும். வெண்டளையன்றிப் பிறிதொரு தளை விரவலாகாது. இச்சட்டம் அமைந்த பின்னரே புலவன் தன் சொற்களுக்கு வழி தேடுகின்றான். சட்டம் வகுத்தல் ஒரு வினை; அதனுள் வழி தேடுதல் மற்றொரு வினை. சில்லு வரைவில் பின்னதை எந்திரம் ஏற்றுக்கொண்டது. முன்னது இன்றும் மனிதர் பொறுப்பேயாம்.

இவ்வுண்மையைத் திருப்பூர் வட்டாரத்தார்க்கு எடுத்துரைத்தல் எளிது. சிட்கோ தொழிற்பேட்டையும் பின்னலாடைக் கல்லூரியும் அமைந்த முதலிபாளையத்தில், கேஜ் என்னும் சொல்லை அறியாதார் அரியர். வட்டப் பின்னல் எந்திரத்தில் ஓர் அங்குலத்திற்கு எத்துணை ஊசிகள் உள என்பதே கேஜ். 24 கேஜ் எனின் அங்குலத்திற்கு 24 ஊசிகள். அவ்வளவிற்குப் பொருந்தாத தடித்த நூலை ஏற்றினால் ஊசி முறியும். மிக மெல்லிய நூலை ஏற்றினால் துணி தளர்ந்து தோன்றும். எந்திரம் எத்துணை விரைந்து சுழலினும் தன் கேஜைத் தானே திருத்திக்கொள்வதில்லை.

சில்லிலும் இத்தகையதோர் அளவு உண்டு. ரௌட்டிங் கிரிட் என வழங்கப்பெறும் அதனை யாம் வழிக்கட்டம் என்போம். கம்பிகள் செல்லுதற்குரிய தடங்களை, குறித்த இடைவெளியில், குறித்த தொடக்கத்திலிருந்து முன்னரே வகுத்துக் காட்டுவது அது. சில்லின்மேல் உலோக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாய் நிற்கும். பாவும் ஊடையும் போல, ஓர் அடுக்கின் கம்பிகள் பெரும்பாலும் கிடையாகவும், அடுத்ததன் கம்பிகள் நெடுக்காகவும் செல்லும். ஓர் அடுக்கினின்று மற்றோர் அடுக்கிற்கு ஏறுதற்கு உதவும் சிறு உலோக இணைப்பினை வயா என்பர்.

1961-ஆம் ஆண்டில் லீ என்னும் அறிஞர் இக்கட்டத்தினுள் வழி தேடும் முறையொன்றை வெளியிட்டார். தொடங்கும் கட்டத்தினின்று, குளத்தில் எறிந்த கல்லால் அலை பரவுமாறு போல, 1, 2, 3 என எண்ணிட்டுப் பரவி, இலக்கை அடைந்தபின் எண் குறைந்து வரும் வழியே திரும்பினால் மிகக் குறுகிய வழி புலனாகும். வழி ஒன்று இருக்குமாயின் இம்முறை அதனைத் தவறவிடாது. ஆயினும், எந்திரம் தேடுவது நாம் வகுத்த கட்டத்தினுள்ளேயாம். அக்கட்டம் பிழைபடின் தேடலும் பிழைபடும்.

ஓர் உண்மை எடுத்துக்காட்டு இதனை விளக்கும். 2020-ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனமும் அமெரிக்காவின் ஸ்கைவாட்டர் நிறுவனமும் சேர்ந்து, 130 நானோமீட்டர் முறைக்குரிய ஆலை அளவுகளை எவரும் காணுமாறு வெளியிட்டன. அதில் முதல் உலோக அடுக்கின் கம்பி 0.14 மைக்ரான் அகலமேனும் இருத்தல் வேண்டும். இரு கம்பிகளுக்கு நடுவே 0.14 மைக்ரான் வெளியேனும் வேண்டும். இவ்விரண்டையும் கூட்டினால் 0.28 மைக்ரான். அவ்வாறாகவும் அங்கு வகுக்கப்பெற்ற தட இடைவெளி 0.34 மைக்ரான். இதனைக் காணும் இளைஞர், ஆலையார் இடத்தை வீணாக்கினர் என எண்ணுதல் இயல்பே.

வயாவைக் கருதினால் உண்மை விளங்கும். வயா அமரும் உலோகத் திண்டின் குறுகிய பக்கமே 0.26 மைக்ரான், அதன் பாதி 0.13. அடுத்த தடத்துக் கம்பியின் பாதி 0.07. இவ்விரண்டையும் 0.34-இலிருந்து கழிப்பின் எஞ்சுவது 0.14, வேண்டிய வெளி இம்மியும் குறையாமல் கிடைத்தது. 0.28 எனக் கட்டத்தை வகுத்திருப்பின் எஞ்சுவது 0.08 மட்டுமே, வயாவின் அருகே கம்பி செல்லும் இடந்தோறும் விதி மீறப்படும். ஆகவே மிகுதியெனத் தோன்றிய 0.06 மைக்ரான் வீணன்று. தேர்ந்து வைத்த அளவு.

தட இடைவெளியை இன்னும் நுண்ணியதாக்கி, வேண்டாத இடங்களை எந்திரமே விலக்கிக்கொள்ள விடலாகாதோ எனின், அதற்கும் விலை உண்டு. 0.34 மைக்ரான் கட்டத்தில், ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில், ஓர் அடுக்கில் மட்டும் ஏறத்தாழ 86 லட்சம் சந்திப்புகள் உள. இடைவெளியை இருபுறமும் பாதியாக்கின் அவை நான்கு மடங்காகி 3 கோடியே 46 லட்சம் ஆகும். நினைவகமும் காலமும் அதற்கேற்பப் பெருகும். லீயின் முறையைப் பின்வந்தோர் பலவாறு திருத்தியும் இச்சுமை அடியோடு நீங்கிற்றில்லை. பருத்த கட்டம் வழியை மறைக்கும். மிக நுண்ணிய கட்டம் தேடுவோனைச் சோர்விக்கும்.

ஆலையார் தந்த அளவுகளை அவ்வாறே ஏற்றால் போதாதோ என்பார்க்கு எம் மறுமொழி இது: அவ்வளவுகள் அவர்தம் உறுப்புகளுக்கென வகுக்கப்பட்டன. அம்முறையின் அடிப்படை உறுப்புத் தொகுதியொன்றின் உயரம் 2.72 மைக்ரான், அது 0.34 மைக்ரான் இடைவெளி எட்டுக்குச் சமம். அவ்வுறுப்புகளின் அகல அலகு 0.46 மைக்ரான், இரண்டாம் அடுக்கின் தட இடைவெளியும் அதுவே. இவ்வியைபினால் உறுப்பின் முனைகள் தடங்களின்மேல் வந்து பொருந்துகின்றன. மாணவர் ஒருவர் தாமே ஓர் உறுப்பை வரைந்து, அதன் முனைகளை இக்கட்டத்திற்கு விலக வைப்பாராயின், எந்திரம் வளைந்து நெளிந்தே அங்குச் செல்லும். நெருக்கம் மிகின் இணைக்கமாட்டாது நின்றுவிடும். அளவின் காரணம் அறியாதார் அப்பொழுது மென்பொருளைப் பழிப்பர். அறிந்தாரோ முனையை நகர்த்துவர்.

இக்கல்வி நமக்கு எட்டாததன்று. 2018-ஆம் ஆண்டிலேயே சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் வடிவமைத்த சக்தி செயலியொன்று, மொகாலியிலுள்ள அரசுச் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் உருப்பெற்றது. ஓபன்ரோடு போன்ற வரைவு மென்பொருள்கள் இன்று விலையின்றிக் கிடைக்கின்றன. கணிப்பொறி ஒன்றும் பொறுமையும் உடையார் எவரும், தட இடைவெளியை மாற்றி மாற்றி விளைவைத் தாமே காணலாம்.

ஆகலின் எம் விண்ணப்பம் இரண்டு. கல்லூரிகளில் இம்மென்பொருளைப் பயிற்றுவோர், ஆணைகளைக் கற்பிக்கும் முன், ஒரு தடத்தின் இடைவெளியையேனும் மாணாக்கர் தம் கையால் கணக்கிட்டுக் காணச் செய்க. தமிழ் கற்றார், அக்கணக்கை விளங்கிய தமிழில் எழுதி உதவுக. கேஜ் அறிந்து நூலேற்றும் தொழிலாளியின் மகனுக்கும் மகளுக்கும் இவ்வறிவு அயலானதன்று. அதனை அவர் மொழியிற் சொல்லுவாரே இதுகாறும் குறைவாயினர். வழி தேடும் உழைப்பை எந்திரத்திற்கு விடுதல் தகும். அளவு வகுக்கும் அறிவை அதற்கு விட்டுக்கொடுத்தல் தகாது.