விதைத்தவன் எங்கே? அபராதம் யாருக்கு?

அந்நியக் களைகளை ஒழிக்கும் சட்டம் பற்றி

அனுமந்தன்பட்டி:

“சீமைக் கருவேலத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டும்” என்ற குரல் நாலா திசையிலும் கேட்கிறது. நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் கேட்கிறது. கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தரிசிலும் கண்மாயிலும் முள் மண்டுகிறது. தேங்கிய தண்ணீரை ஆகாயத்தாமரை மூடிக்கொள்கிறது. தென்னை ஓலையை வெள்ளை ஈ கறுக்க வைக்கிறது. மக்காச்சோளக் குருத்தைப் படைப்புழு தின்கிறது. இவை எல்லாம் கடல் கடந்து வந்தவை. சட்டம் வேண்டும் என்று நாமும் சொல்கிறோம்.

ஆனால், எப்படிப்பட்ட சட்டம்? யாரைப் பிடிக்கும் சட்டம்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் “சட்டம், சட்டம்” என்று கை தட்டுவது ஆபத்து. நூறு வருஷ அனுபவம் சொல்கிறது: களைகளைப் பற்றி இந்த நாட்டில் போட்ட சட்டங்களின் பிரம்பு, களையைக் கொண்டுவந்தவன் மீது விழவில்லை. களையோடு மாரடிக்கிற குடியானவன் முதுகில்தான் விழுந்தது.

கொண்டுவந்தது யார்?

சீமைக் கருவேலம் தானாக நடந்து வந்ததா? இல்லை. சென்னை மாகாணத்தின் காட்டிலாகா அதிகாரி பெடோம் என்ற வெள்ளைக்காரர், வறண்ட பூமியில் விறகுக்கு ஏற்ற மரம் என்று 1876-ல் எழுதிக் கேட்டார். 1877-ல் ஜமைக்காவிலிருந்து வந்த விதை கடப்பை ஜில்லா கமலாபுரத்தில் ஊன்றப்பட்டது. தாது வருஷப் பஞ்சத்தில் நம் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்த அதே காலம் அது. வெள்ளைக்காரன் போன பிறகும், விறகுப் பஞ்சம் தீர்க்க என்று சர்க்காரே இந்த மரத்தை வளர்க்கச் சொன்னது. காயை ஆடு மாடு தின்றது. சாணத்தோடு விதை ஊர் ஊராகப் போயிற்று. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மரம் இது.

அதற்கும் முன்னால், 18-ம் நூற்றாண்டின் கடைசியில், செஞ்சாயப் பூச்சி வளர்த்துக் காசு பார்க்கலாம் என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னையில் சப்பாத்திக் கள்ளித் தோட்டமே போட்டார். சாயம் வந்து சேரவில்லை. கள்ளி மட்டும் தென்னாட்டு மேய்ச்சல் நிலங்களில் முள்வேலி போட்டது.

ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவில் பிறந்தது. பூ அழகாக இருக்கிறது என்று பெரிய மனிதர்களின் தடாகங்களுக்கு வந்தது. தடாகத்திலிருந்து ஆற்றுக்குப் போயிற்று. பார்த்தீனியம் 1955-ல் புனாவில் கண்ணில் பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையோடு கலந்து வந்தது என்று பரவலாகச் சொல்கிறார்கள். கையால் அதைப் பிடுங்குகிற பெண்களுக்குத் தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் மிச்சம்.

கம்பெனிக்காரன், காட்டிலாகா அதிகாரி, பூந்தோட்டப் பிரபு, சர்க்கார், வியாபாரி. இதுதான் பட்டியல். இதில் ஒரு கூலிக்காரன் உண்டா? ஒரு குத்தகைக்காரன் உண்டா?

அந்நியச் செடியெல்லாம் பகையா?

சிலர் இதை வைத்து, “வெளியிலிருந்து வந்த எதுவும் ஆகாது” என்று பேசப் புறப்படுகிறார்கள். இது நம் பேச்சு அல்ல. மிளகாய் வெளியிலிருந்து வந்தது. மக்காச்சோளம், மரவள்ளி, நிலக்கடலை எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. நம் பள்ளத்தாக்கின் பெயரைச் சந்தையில் நிறுத்தியிருக்கும் பன்னீர் திராட்சையே பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-ல் கொண்டுவந்தது என்கிறார்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிறந்த ஊர் குற்றமல்ல. வந்த இடத்தில் கட்டுக்கு அடங்காமல் பெருகி, பயிரையும் தண்ணீரையும் மேய்ச்சலையும் அழிப்பதுதான் குற்றம்.

பொய்யும் வேண்டாம். காற்றின் ஈரத்தையெல்லாம் சீமைக் கருவேலம் உறிஞ்சிவிடும் என்பது போன்ற கதைகளை நம்பித் தொழிலாளி போராட வேண்டியதில்லை. அது கண்மாயை அடைக்கிறது, மேய்ச்சலைத் தின்கிறது, சிறு விவசாயியின் நிலத்தைத் தரிசாக்குகிறது. இந்த மூன்று உண்மைகளே போதும்.

சட்டங்கள் செய்தது என்ன?

1914-ல் வெள்ளைக்காரன் பயிர்ப்பூச்சி இறக்குமதியைத் தடுக்க ஒரு சட்டம் போட்டான். துறைமுகத்துக்கான சட்டம் அது. 1919-ல் சென்னை மாகாணம் விவசாயப் பூச்சி நோய்ச் சட்டம் போட்டது. இது ஊருக்கான சட்டம். எப்படிப்பட்டது? ஒரு பூச்சியையோ களையையோ சர்க்கார் அறிவிக்கும். நிலத்தை அனுபவிக்கிறவன் அதை ஒழிக்க வேண்டும். ஒழிக்காவிட்டால் அதிகாரி வயலில் இறங்கி ஒழித்துவிட்டு, செலவை நிலவரி பாக்கியைப் போல வசூலிப்பார். கொண்டுவந்து விட்டவனைப் பற்றி ஊருக்கான சட்டத்தில் பேச்சே இல்லை!

வங்காளத்தில் 1936-ல் ஆகாயத்தாமரைச் சட்டம் வந்தது. தன் நிலத்திலும் நீரிலும் உள்ளதை விவசாயியே ஒழிக்க வேண்டும் என்றது அதுவும். ரயில் மேடு போட்டு ஆற்று நீரைத் தேங்க வைத்தவர்களை யாரும் கேட்கவில்லை. 1937 தேர்தலில் கட்சிகள் “ஆகாயத்தாமரையை ஒழிப்போம்” என்று வாக்குக் கொடுத்தன. 1939-ல் பஸ்லுல் ஹக் மந்திரிசபை ஒழிப்பு வாரமே நடத்தியது. வாரம் முடிந்தது. ஆகாயத்தாமரை முடியவில்லை.

கர்நாடகத்தில் 1975-ல் பார்த்தீனியத்தைக் கேடான களை என்று சட்டப்படி அறிவித்தார்கள். களை அறிவிப்பைப் படிக்கவில்லை, பரவிக்கொண்டே போயிற்று.

நம் காலத்துக்கு வருவோம். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தேனி உட்படத் தன் எல்லைக்குட்பட்ட மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டது. தனியாரும் தங்கள் நிலத்தில் குறித்த நாளுக்குள் அகற்ற வேண்டும். தவறினால் சர்க்கார் அகற்றிவிட்டுச் செலவைப் போல இரு மடங்கு வசூலிக்க வேண்டும் என்றது. சட்டம் இயற்றவும் சொன்னது. நீதிமன்றத்தின் அக்கறையை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் மழை பொய்த்த வருஷத்தில், ஆண்டிபட்டிப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவன் ஜே.சி.பி. வாடகைக்கு எங்கே போவான்? அவன் நிலத்தில் முள் ஏறியது ஏன்? கிணறு வற்றியது, கடன் ஏறியது, திருப்பூர் மில்லுக்கு அவன் குடும்பத்தோடு போனான். வறுமை தரிசாக்கிய நிலத்துக்கு இரட்டிப்பு அபராதமா? அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் சென்னையில் உயர் நீதிமன்றமே வெட்டுவதற்கு இடைக்காலத் தடை போட்டது. வெட்டு என்றார்கள், நிறுத்து என்றார்கள். இடையில் அலைக்கழிந்தவன் குடியானவன்.

2022-ல் தமிழக சர்க்கார் அயல் தாவரங்களை அகற்றிக் காடுகளை மீட்க ஒரு கொள்கை வெளியிட்டது. நல்லது. ஆனால் கொள்கை வேறு, சட்டம் வேறு. அதே ஆண்டில் நாடாளுமன்றம் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியது. 2023 ஏப்ரல் முதல் அது அமலில் இருக்கிறது. அயல் இனங்களின் இறக்குமதியையும் வியாபாரத்தையும் வைத்திருப்பதையும் பெருக்குவதையும் தடுக்க 62-ஏ பிரிவு மத்திய சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது. கொண்டுவருகிறவனைப் பார்த்து நீட்டிய விரல் இது. வரவேற்கிறோம். ஆனால் எதற்குக் கேடு வந்தால்? வனவிலங்குக்கும் அதன் இருப்பிடத்துக்கும். யானைக்குச் சட்டம் வந்துவிட்டது. நடவுக்காரிக்கு எப்போது வரும்?

விவசாயத்துக்கு என்று ஒரு மசோதா வந்ததும் உண்டு. விவசாய உயிர்க்காப்பு மசோதா 2013-ல் மக்களவைக்கு வந்தது. 1914 சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிய அமைப்பு ஏற்படுத்துவது அதன் நோக்கம். அடுத்த ஆண்டு சபை கலைந்தது; மசோதாவும் காலாவதியானது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான் இன்னும் வாசலில் காவல் நிற்கிறது.

வாசல் திறந்து கிடந்தால் என்ன ஆகும் என்று நாம் பார்த்துவிட்டோம். 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி கோவையில் தென்பட்டது. 2016-ல் சுருள் வெள்ளை ஈ பொள்ளாச்சித் தென்னைக்கு வந்தது. 2018-ல் படைப்புழு கர்நாடகத்தில் தொடங்கி அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் இறங்கியது. நியூசிலாந்தில் 1993-லேயே உயிர்க்காப்புச் சட்டம் போட்டுவிட்டார்கள். அங்கே ஒரு பழத்தைச் சொல்லாமல் பையில் வைத்துக்கொண்டு இறங்கினால், விமான நிலையத்திலேயே 400 டாலர் அபராதம். தண்டனையை வாசலில் வைத்திருக்கிறார்கள், வயலில் வைக்கவில்லை.

“ஏழைக்கு விறகு போய்விடுமே!”

இன்னொரு வாதமும் கேட்கிறது. “ராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் சீமைக் கருவேலத்தில் கரிமூட்டம் போட்டுத்தான் ஆயிரக்கணக்கானவர்கள் பிழைக்கிறார்கள். மரத்தை ஒழித்தால் அவர்கள் வாயில் மண்.” இது உண்மையான கவலை. அலட்சியம் செய்ய மாட்டோம். ஆனால் இதைச் சொல்லி முள்ளை அப்படியே விடச் சொல்கிறவர்கள், கரித்தொழிலாளியின் கூலியை உயர்த்த என்றைக்காவது வாய் திறந்ததுண்டா? விவசாயம் அழிந்த ஊரில் வேறு பிழைப்பு இல்லாததால் புகையில் வேகிறான் அவன். கண்மாயும் வேண்டும், வேலையும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிக்க விடமாட்டோம்.

இப்போது நடப்பது என்ன? கண்மாய் மரத்தை ஏலம் விடுகிறார்கள். கண்டிராக்டர் தூரை விட்டுவிட்டு, காசாகிற கட்டையை வெட்டிக்கொண்டு போகிறார். அடுத்த மழைக்குத் தூர் துளிர்க்கிறது. சில வருஷத்தில் மறுபடி ஏலம்! கண்டிராக்டருக்கு இது களையல்ல, விளைச்சல்.

மில் தொழிலாளிக்கு என்ன?

“இது காட்டு வேலைக்காரன் கவலை, நமக்கென்ன?” என்று மில் தோழர்கள் நினைக்க வேண்டாம். 2005-ஐ ஒட்டி வெளிநாட்டு மாவுப்பூச்சி குஜராத், பஞ்சாப் பருத்தியில் இறங்கியது. பருத்தி நொடித்தால் பஞ்சு விலை ஏறும். பஞ்சு விலை ஏறினால் முதலாளி முதலில் கைவைப்பது ஷிப்டில்தான். தென்னை காய்க்காவிட்டால் மரமேறிக்கும் மட்டை உரிப்பவனுக்கும் வேலை இல்லை. நஷ்டக் கணக்கில் நிலக்காரன் பெயராவது எழுதப்படும். கூலிக்காரன் இழந்த நாளை யாரும் எழுதுவதில்லை.

வழி இருக்கிறது

ஒழிக்கவே முடியாது என்பதும் பொய். 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒரு பூச்சி, சப்பாத்திக் கள்ளியைத் தின்று தென்னாட்டு நிலத்தை விடுவித்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சிறு குளவியைத் தருவித்து, பரிசோதித்து விட்டார்கள். பப்பாளி மாவுப்பூச்சி அடங்கியது. மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் அப்படியே ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து குளவி வந்து, 2022-ல் சேலம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது. இவற்றைச் செய்தது பொதுப்பணத்தில் நடக்கும் விஞ்ஞான நிலையங்கள். மருந்துக் கடைப் புட்டி அல்ல. புட்டி விற்கிறவனுக்குப் பூச்சி தீர்ந்தால் வியாபாரம் தீரும்!

ஆகவே நாம் கேட்கும் சட்டம் இது:

1. 1914 சட்டத்துக்குப் பதில் புதிய சட்டம் வேண்டும். காட்டுக்கு மட்டுமல்ல, வயல், கண்மாய், ஆறு, மீன்வளம் எல்லாவற்றுக்கும் அது காவலாக வேண்டும். கொண்டுவந்து லாபம் பார்த்த கம்பெனியே ஒழிக்கும் செலவைக் கட்ட வேண்டும்.

2. சிறு விவசாயிக்கும் குத்தகைக்காரனுக்கும் அபராதம் கூடாது. அவர்கள் நிலத்து முள்ளை சர்க்கார் செலவில் அகற்ற வேண்டும்.

3. கண்மாய் ஏலம் ஒழிய வேண்டும். உள்ளூர் விவசாயத் தொழிலாளருக்குக் கூலி வேலையாகத் தர வேண்டும். தூரோடு பிடுங்கி, மூன்று வருஷம் துளிர் எடுத்து, நாட்டு மரம் நட்டு முடிப்பதுவரை அது ஒரே வேலை. பார்த்தீனியம் பிடுங்குகிறவர்களுக்குக் கையுறை கொடுக்க வேண்டும்.

4. வெட்டிய மரத்தில் முதல் உரிமை விறகு பொறுக்கும் பெண்களுக்கும் கரித்தொழிலாளருக்கும்.

5. அந்நியப் பூச்சியால் பயிர் அழிந்தால் விவசாயிக்கு இழப்பீடு. வேலை இழந்த கூலிக்காரருக்கும் நாள் கணக்கில் இழப்பீடு.

தோழர்களே! நம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. நட்டவர்கள் நாம், களையெடுத்தவர்கள் நாம். களையைப் பற்றிச் சட்டம் எழுதும்போது, களைக்கொத்து பிடித்த கைகளைக் கேட்காமல் எழுதலாமா? அடுத்த கிராம சபையில் இந்த ஐந்தையும் தீர்மானமாக வையுங்கள். மில் வாசலில் படித்துக் காட்டுங்கள். “வினை விதைத்தவன் வினை அறுப்பான்” என்பார்கள். நூற்றைம்பது வருஷமாக விதைத்தவன் ஒருவன், அறுக்கிறவன் வேறொருவன். இந்தக் கணக்கை நேர் செய்கிற சட்டத்தைத்தான் நாம் சட்டம் என்று ஒப்புக்கொள்வோம்!