மட்டையை மாற்றுவதற்கு முன்பு

வார இறுதியில் மட்டும் கோல்ஃப் ஆடுகிறவருக்குப் பந்து ஓயாமல் வலப்பக்கம் வளைந்து புதருக்குள் போனால், அவர் முதலில் சந்தேகப்படுவது கையிலிருக்கும் மட்டையைத்தான். அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போடுவதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. புத்தாண்டு பிறந்ததும் புது டிரைவர் மட்டைகள் கடைக்கு வந்துவிடும். போன வருஷத்து மட்டையைவிட இது கூடுதல் தூரம் போகும், நேராகப் போகும் என்று விளம்பரம் சொல்லும். இத்தனை ஆண்டு வாக்குறுதிகளையும் கூட்டிப் பார்த்தால், சாதாரண ஆட்டக்காரர் ஒரே அடியில் குழிக்கருகே பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. பொழுதுபோக்காக ஆடுகிறவர் மட்டைக்கென ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு, தான் மட்டையை வீசும் விதத்தை, அதாவது ஸ்விங்கைப் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்தும் ஆசிரியருக்குப் போக வேண்டும். மட்டை அதற்கு அடுத்தபடி. அதுவும் கொஞ்சமாக, பழையதாக இருந்தால் போதும் என்பதே என் கட்சி.

டிரைவர் என்பது ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்க எடுக்கும், தலை பெருத்த நீள மட்டை. அதில் முன்னேற்றமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மரத்தலை இருந்த இடத்துக்கு 1979-ல் டெய்லர்மேட் நிறுவனம் எஃகுத் தலையைக் கொண்டுவந்தது. 1991-ல் காலவேயின் பிக் பெர்த்தா வந்தது, அதன் பின் டைட்டானியம் வந்தது. ஒவ்வொன்றும் உண்மையான தாவல். ஆனால் விதிகளை வகுக்கும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் பிரிட்டனின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் இந்தப் போட்டிக்கு எப்போதோ வேலி போட்டுவிட்டன. தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. முகத்தின் துள்ளலுக்கு 0.83 என்ற அளவில் எல்லை கட்டியாயிற்று. பந்து ஓரத்தில் பட்டாலும் தலை முறுக்கிக்கொள்ளாமல் தாங்கும் திறனுக்கும் 5,900 என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. இவையெல்லாம் பெரும்பாலும் 2000-களின் நடுப்பகுதிக்குள் முடிந்துபோன கதை. 2024-ல் 10,000 என்ற எண்ணைப் போட்டுச் சில டிரைவர்கள் விற்பனைக்கு வந்தனவே என்று கேட்கலாம். அது இரண்டு அச்சுகளின் அளவைக் கூட்டிச் சொன்ன எண். விதி கட்டுப்படுத்தும் அச்சில் வரம்பு அப்படியேதான் இருக்கிறது. விளைவும் இதற்கு ஒத்துப்போகிறது. பிரிட்டனில் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களான ஆண்களின் டிரைவர் அடியை ஆண்டுதோறும் அளந்து வந்தார்கள். 1996-ல் சராசரி சுமார் 200 கெஜம். 2019-ல் சுமார் 216 கெஜம். அந்த உயர்விலும் பெரும்பங்கு 2005-க்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. போன வருஷத்து டிரைவரை விற்றுவிட்டு இந்த வருஷத்து டிரைவரை வாங்குகிறவர் வேலிக்குள்ளேதான் இடம் மாறி உட்காருகிறார். கொடைக்கானலுக்குப் போய் அதே பழைய மட்டையால் அடித்தாலே பந்து சென்னையில் போவதைவிட நன்றாகக் கூடுதல் தூரம் போகும். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்று அவ்வளவு மெலிசு.

டிரைவர் கதையாவது பரவாயில்லை, அயர்ன் மட்டைகளின் கதை இன்னும் சுவாரசியமானது. அயர்ன்களுக்கு அடிப்பாகத்தில் எண் பொறித்திருக்கும். எண் கூடக்கூட முகம் அதிகமாகச் சாய்ந்திருக்கும், பந்து உயரமாக எழும்பித் தூரம் குறைவாகப் போகும். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு 7-ம் எண் மட்டையின் சாய்வு 35 டிகிரிக்கு மேல் இருந்தது. இன்று பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களுக்கென்று விற்கும் பல 7-ம் எண் மட்டைகளில் அது 28, 29 டிகிரிதான். தண்டும் கொஞ்சம் நீளம். அதாவது பழைய 5-ம் எண் மட்டைக்கு ஏறக்குறைய 7 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடையில் நம் பழைய 7-ஐயும் புது 7-ஐயும் மாற்றி மாற்றி அடிக்கச் சொல்வார்கள். திரையில் பதினைந்து கெஜம் கூடுதலாகத் தெரியும். வாங்குகிறவர் முகம் மலர்ந்துவிடும். தலையின் எடையைக் கீழே இறக்கியதால் சாய்வு குறைந்தும் பந்து எழும்புகிறது என்று தயாரிப்பாளர்கள் பதில் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அயர்ன் மட்டையின் வேலை தூரம் போவதல்ல, குறித்த தூரத்தில் நிற்பது. தாழ்வாக வந்து விழும் பந்து குழியைச் சுற்றியுள்ள பச்சைத் திட்டில் நிற்காமல் பின்பக்கம் உருண்டு ஓடினால் அந்தப் பதினைந்து கெஜத்தால் யாருக்கு லாபம்?

மட்டையை விட்டு ஸ்விங்குக்கு வருவோம். வலக்கை ஆட்டக்காரர்களை அதிகம் வாட்டும் வியாதி, பந்து வலப்பக்கம் வளையும் ஸ்லைஸ். அது எப்படி வளர்கிறது என்று கூர்ந்து பார்த்தால், பணம் எங்கே போக வேண்டும் என்பது விளங்கிவிடும். மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பெரும்பாலும் அந்தத் திசையில்தான் பந்து கிளம்பும். மட்டை வரும் பாதைக்கும் முகம் பார்க்கும் திசைக்கும் உள்ள வித்தியாசம் பந்தை வளைக்கும். கிளம்பும் திசையைப் பாதைதான் தீர்மானிக்கிறது என்றே பல தலைமுறை ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தார்கள்; ரேடார் கருவிகள் பரவிய பிறகு அந்தப் பாடம் திருத்தப்பட்டது. இப்போது ஸ்லைஸ் அடிக்கிறவரை நினைத்துப் பாருங்கள். பந்து வலப்பக்கம் போவதைப் பார்க்கிறார். அடுத்த முறை உடம்பை இடப்பக்கம் திருப்பி நிற்கிறார், மட்டையை இன்னும் இடப்பக்கமாக இழுக்கிறார். பிடி பலவீனமாக இருப்பதால் முகம் மட்டும் பழையபடியே திறந்து கிடக்கிறது. பாதைக்கும் முகத்துக்கும் இடைவெளி கூடுகிறது, பந்து முன்னைவிட அதிகமாக வளைகிறது. எவ்வளவு அறிவோடு அவர் தன்னைத் திருத்திக்கொள்ள முயல்கிறாரோ அவ்வளவுக்கு வியாதி முற்றுகிறது. இந்தச் சுழலிலிருந்து வெளியே வர அவருக்கு வேண்டியது, “பந்து போகிற இடத்தைப் பார்க்காதே, இடக்கையைக் கைப்பிடியில் இவ்வளவு வலப்பக்கம் திருப்பி வை” என்று சொல்லும் ஒரு ஆள். புது டிரைவரில் எடையைக் குதிகால் பக்கம் நகர்த்தி முகம் சீக்கிரம் மூடும்படி செய்திருப்பார்கள். அது வளைவைக் கொஞ்சம் குறைக்கும், சுழலை அறுக்காது. பிழைக்குப் பொருத்தமான மட்டை கிடைத்துவிட்டதால் பிழை நிரந்தரமாகும் அபாயமும் உண்டு.

மன்னிக்கும் மட்டை என்று ஒன்று உண்டே, அது பொய்யா என்று கேட்பார்கள். பொய்யில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் மட்டையின் எடையை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் நகர்த்தினார். பந்து நடுவில் படாவிட்டாலும் தலை முறுக்குவது குறைந்தது. அவர் தொடங்கிய பிங் நிறுவனம் 1966-ல் வெளியிட்ட ஆன்சர் பட்டரின் வடிவத்தை இன்றுவரை எல்லோரும் பின்பற்றுகிறார்கள். அதே தத்துவம் அயர்ன்களுக்கும் வந்து, புதிதாக ஆடுகிறவர்களின் வேதனையை நிஜமாகவே குறைத்தது. ஆகவே தொழில்முறை ஆட்டக்காரர் வைத்திருக்கும் மெல்லிய தலை அயர்ன்களை ஆசைப்பட்டு வாங்காதீர்கள் என்பேன். ஓரங்களில் எடை வைத்த, அடி அகலமான மட்டைதான் நமக்கு. ஆனால் இந்த நன்மை பத்து வருஷப் பழைய மட்டையிலும் முழுசாக இருக்கிறது. மன்னிப்புக்குக் காலாவதித் தேதி கிடையாது. தலையில் விரிசல் இல்லை, தண்டு நேராக இருக்கிறது என்று பார்த்து வாங்கி, தேய்ந்த கைப்பிடி ரப்பரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். பதினான்கு மட்டையும் வேண்டும் என்பதில்லை. பதினான்கு என்பது விதி அனுமதிக்கும் உச்சம், குறைந்தபட்சத் தேவையல்ல. சிக் எவன்ஸ் என்ற அமெரிக்க அமெச்சூர் 1916-ல் ஏழே மட்டைகளோடு அமெரிக்க ஓப்பனை வென்றார். அன்று அவர் எடுத்த 286 அடிகள் என்ற கணக்கை இருபது ஆண்டுகளுக்கு யாரும் முறியடிக்கவில்லை. மரத்தண்டு மட்டைகளின் காலம் அது. புதிதாக ஆடுகிறவருக்குச் சாய்வு அதிகமுள்ள ஒரு டிரைவர் அல்லது 3-ம் எண் வுட், நீள அயர்ன்களுக்குப் பதிலாக ஒரு ஹைப்ரிட், இரண்டு மூன்று அயர்ன்கள், மணற்குழிக்கு ஒரு வெட்ஜ், ஒரு பட்டர் இருந்தால் தாராளம்.

உடம்புக்கு அளவெடுத்து மட்டை செய்துகொள்ளும் ஃபிட்டிங்கைப் பற்றி எனக்கு மறுப்பு இல்லை, எப்போது செய்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு. தண்டின் நீளம், விறைப்பு, மட்டை தரையில் அமரும் கோணம், கைப்பிடியின் தடிமன் இவையெல்லாம் முக்கியம். கோணம் தவறினால் நல்ல அடியும் பக்கவாட்டில் போகும். மெதுவாக வீசுகிறவருக்கு 9 டிகிரி டிரைவரைவிட 12 டிகிரி டிரைவர் அதிகத் தூரம் கொடுக்கும். கௌரவத்துக்காக 9 வாங்குகிறவர்கள்தான் ஏராளம். உயரம் மிகக் குறைந்தவர், மிக அதிகமானவர், மூட்டுவலிக்காரர் ஆகியோர் முதல் நாளே அளவு பார்த்துவிடுவது நல்லது. மற்றவர்கள் ஸ்விங் ஒரு நிலைக்கு வராமல் அளவெடுப்பது, வளரும் பிள்ளைக்குத் தீபாவளிச் சட்டையை ஒட்டத் தைப்பது போலத்தான்.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. கோல்ஃபில் ஜெயிப்பது குழிக்கருகே ஆடும் நுட்பத்தால்தான், ஸ்விங்கைப் போட்டு ஏன் குடைகிறீர்கள், பட்டரோடு மணிக்கணக்கில் பழகினால் போதாதா என்பது அது. கிளப்புகளில் காலங்காலமாகப் புழங்கும் நம்பிக்கை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி லட்சக்கணக்கான அடிகளின் தரவை வைத்து அதைச் சோதித்தார். நல்ல ஆட்டக்காரருக்கும் சுமார் ஆட்டக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, குழியிலிருந்து நூறு கெஜத்துக்கு அப்பால் அடிக்கும் அடிகளில்தான் உருவாகிறது என்று காட்டினார். அப்படியானால் டிரைவர் வாங்குவது சரிதானே என்று கடைக்காரர் உடனே கையைத் தட்டுவார். அங்கேதான் கவனம் வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு 90 அடிகளுக்கு மேல் எடுக்கும் ஆட்டக்காரருக்கு அந்த நீள அடிகளில் கணக்கு ஏறுவது ஐந்து கெஜம் குறைந்ததால் அல்ல. பந்து எல்லைக்கு வெளியே போவதாலும், தண்ணீரில் விழுவதாலும், மட்டை பந்துக்கு முன்னால் தரையைக் கொத்துவதாலும்தான். இவை மூன்றும் ஸ்விங்கின் பிழைகள். விலை கொடுத்துத் தீராது.

ஆசிரியருக்குச் செலவு ஆகாதா, அவர் கைவைத்ததும் ஆட்டம் முதலில் கெட்டுப்போகிறதே என்பது நியாயமான முறையீடு. கெடுவது உண்மை. சரியான பிடி சில வாரங்களுக்குக் கைக்கு அந்நியமாகத்தான் இருக்கும். அந்தச் சில வாரங்களில் மனம் தளர்ந்து பழைய பிடிக்குத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். செலவைப் பொறுத்தவரை, வாரந்தோறும் வகுப்பு தேவையில்லை. பிடி, நிற்கும் விதம், பந்தை வைக்கும் இடம் மூன்றையும் சில வகுப்புகளில் சரிசெய்துகொண்டு, ஓரிரு மாதத்துக்கு ஒரு முறை காட்டிக்கொண்டால் போதும். இடைப்பட்ட நாட்களில் கைபேசியே கண்காணிக்கும்: குறியின் நேர்க்கோட்டில், ஆட்டக்காரருக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில் வைத்து ஸ்லோமோஷனில் எடுத்தால் மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். மட்டையின் முகத்தில் வெள்ளைப்பலகை மார்க்கரால் தீற்றிவிட்டு அடித்தால் பந்து பட்ட இடத்தில் வட்டமாக மை அழிந்திருக்கும். அந்த வட்டம் நடுவுக்கு வந்த பிறகு புது மட்டையைப் பற்றிப் பேசலாம். பந்துகளை வரிசையாக வைத்து விளாசுவது பயிற்சியாகாது. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு குறி, ஒவ்வொரு குறிக்கும் நிதானமாக நிற்பது, அவ்வளவுதான். இணையத்தில் இலவசப் பாடங்கள் கொட்டிக்கிடக்கின்றனவே என்றால், அவை நம்மைப் பார்ப்பதில்லை. ஸ்லைஸ் அடிக்கிறவருக்கும், பந்து இடப்பக்கம் வளையும் ஹூக் அடிக்கிறவருக்கும் மருந்து நேர்எதிர். தவறான பாடத்தை ஒழுங்காகப் பின்பற்றினால் தவறு இன்னும் உறுதிப்படும்.

ஸ்விங் முதலில், மட்டை பிறகு என்பதற்கு இந்தியாவிலேயே சாட்சி இருக்கிறது. டெல்லியில் மட்டைப் பை சுமக்கும் கேடியாக இருந்து வந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை வென்றார். அவர்கள் சின்ன வயதிலேயே திடலில் வளர்ந்தவர்கள், நாற்பது வயதில் தொடங்கும் அலுவலகக்காரருக்கு அது பொருந்துமா என்று கேட்டால், அந்தத் திறமை பொருந்தாது. கற்ற வரிசை பொருந்தும். நல்ல ஸ்விங்குகளை ஆண்டுக்கணக்கில் அருகிலிருந்து பார்த்தார்கள். நல்ல மட்டைகள் பின்னால் வந்தன.

புது மட்டை வாங்குவதே ஒரு சந்தோஷம், அதில் உங்களுக்கு என்ன என்றால், எனக்கு ஒன்றுமில்லை. தாராளமாக வாங்கலாம், ஆனால் ஆட்டம் திருந்தும் என்ற நம்பிக்கையில் வாங்க வேண்டாம். கிளப்புகளிடம்தான் ஒரு வேண்டுகோள். சென்னையிலும் கோவையிலும் ஊட்டியிலும் உறுப்பினர்களின் வீட்டுப் பரண்களில் எத்தனையோ பழைய மட்டைகள் சும்மா கிடக்கும். அவற்றைச் சேகரித்து, புதிதாக வருகிறவர்களுக்கு முதல் ஆறு மாதம் ஏழு மட்டை இரவல் கொடுங்கள். அவர்கள் மிச்சப்படுத்தும் பணத்தை உங்கள் கிளப்பின் பயிற்சியாளருக்குக் கட்டணமாகக் கட்டச் சொல்லுங்கள்.