தந்தையார் ஓட்டிய டிராக்டர்

நாகலாபுரம் பகுதியைச் சொந்த ஊராகக் கொண்ட அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். காலஞ்சென்ற தந்தையார் ஓட்டிய மாஸி பெர்குஸன் டிராக்டருக்குப் புதுவர்ணம் பூசி, வீட்டு முன்றிலில் நினைவுப் பொருளாக நிறுத்த வேண்டுமென்பது அவர் விருப்பம். ஊரிலிருக்கும் தமையனாரோ, "வண்டியை நிறுத்திவிட்டால் கடலைக் கொல்லையை எதைக் கொண்டு உழுவது?" என்று கேட்கிறாராம். இதனால் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது.

தம்பியின் ஆசையை நாம் எளிதாகக் கருதவில்லை. 1959இல் பரீதாபாத்தில் ஐஷர் டிராக்டரும், 1960இல் தொடங்கிய சென்னை டாபே நிறுவனத்தின் வாயிலாக மாஸி பெர்குஸனும் நம் நாட்டில் உருவாகத் தொடங்கின. ஏர்மாட்டையே நம்பியிருந்த குடும்பத்திற்கு முதல் டிராக்டர் வந்த நாள் ஒரு திருநாளன்றோ!

நிற்க. இயந்திரம் சும்மா இருந்தால் கெடும். டீசல் தொட்டியில் நீர் சேரும். ரப்பர் வளையங்கள் இறுகும். சிலிண்டரில் துரு ஏறும். ஒரே இடத்தில் பாரம் தாங்கிய டயர் வெடிக்கும். மேலே வர்ணம் மின்ன, உள்ளே உயிர் போய்விடும். இங்கிலாந்தில் பழைய டிராக்டர்களைப் புதுப்பிப்போர்கூட அவற்றைக் கொண்டே உழவுப் போட்டி நடத்துகின்றனர்.

உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதையும் நோக்க வேண்டும். மாஸி பெர்குஸனுக்கு அந்தக் கவலை பெரிதில்லை. செக்கோஸ்லோவாகியாவின் ஸெட்டார் நிறுவனத் துணையுடன் 1971இல் எச்.எம்.டி. டிராக்டர் தயாரிக்கத் தொடங்கிய பிஞ்சோர் ஆலையோ 2016இல் மூடப்பட்டது. அத்தகைய வண்டியைக் கடும் உழைப்பினின்று விடுவித்துக் காப்பதே முறை.

ஆதலின், அன்பரின் வண்டி உழைக்கட்டும் என்பதே நம் கருத்து. ஆனால் தமையனாருக்கும் ஒரு கடமை உண்டு. பழைய டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம் அதில் பெரும்பாலும் இராது. சுவீடன் நாடு புதிய டிராக்டர்களுக்கு அதை 1959இலேயே கட்டாயமாக்கியது. எனவே வரப்பிலும் சரிவிலும் நிதானம் வேண்டும். மட்கார்டில் எவரையும் ஏற்றலாகாது.

தம்பி அனுப்ப எண்ணிய பணம் முதலில் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் எஞ்சினுக்கும் செலவாகட்டும். வர்ணம் கடைசியில் வரட்டும். தொழிற்சாலைப் பெயர்ப்பலகையின்மேல் வர்ணம் பூச வேண்டாம். கழற்றும் பழைய பாகங்களை ஒரு பெட்டியிலிட்டு, வண்டி வாங்கிய ஆண்டையும் செய்த வேலைகளையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். நாளை அது உழைப்பை நிறுத்தும்போது, நினைவுச் சின்னமாக்க அனைத்தும் ஆயத்தமாய் இருக்கும்.

அன்பர் இன்றே தமையனாருடன் தொலைபேசியில் பேசுவாராக. வரும் பொங்கலுக்கு ஊர் செல்லுங்கால், தந்தையார் அமர்ந்த ஆசனத்தில் அமர்ந்து, தாமும் ஒரு சால் உழுது பார்க்கட்டும்.